ஒற்றையாள் படகு

பதினேழு ஆண்டு இருவர் படகு ஓட்டினோம்.
மாலக்கி சுக்கானில், நான் முன்பாய்க் கயிற்றில்.
காற்றைப் படிப்பது என் வேலை.
படித்ததைத் தன் யோசனையாக அறிவிப்பது
அவன் வேலை.

பிரிந்தபோது வீட்டை விற்றோம்.
நாயைப் பங்கு போட முடியாமல்
அவன் அக்காவிடம் விட்டோம்.
படகை டொனகல் தம்பதி ஒன்று
பேரமே பேசாமல் வாங்கிப் போயிற்று.

தன் பாதியில் அவன் வாங்கியது
கரிநார்ப் பாய்மரம், காகித எடை.
திறந்த கடலில் பறக்கும் என்றானாம் விற்றவன்.
பறக்கும்தான்.
எங்கள் ஏரி ஒரு மைல் நீளம்,
மூன்று பக்கம் ஊசியிலைக் காடு,
நான்காவது குடிநீர் வாரியத்தின் சுவர்.
வேகம் பிடிப்பதற்குள் மிதவை வந்துவிடும்.
தவிர, மாலக்கி தொண்ணூற்று நான்கு கிலோ.

நான் வாங்கியது மரப்படகு,
என்னைவிட நான்கு வயது இளையது.
முன்தட்டில் யாரோ குதிகாலால் இட்ட பள்ளம்,
வார்னிஷுக்கு அடியில் ஓர் ஈ.
கிளப்பில் ஒவ்வொரு படகுக்கும் எண் உண்டு:
ஓடிய நேரத்தை அதனால் வகுப்பார்கள்.
வேகத்துக்குச் சின்ன எண், மந்தத்துக்குப் பெரியது.
என் எண்ணைக் கேட்டு கொன்லெத் சிரித்தார்,
"எத்னா, இது எண்ணா, முதியோர் உதவித்தொகையா?"

அக்டோபர், மூன்றாம் ஞாயிறு.
மேல்காற்று ஊசலாடிக்கொண்டிருந்தது,
ஆறு நிமிடம் வலம், நான்கு நிமிடம் இடம்.
கோட்டின் இடக்கோடி காற்றுக்கு நெருக்கம் என்று
எல்லாரும் அங்கே முட்டிக்கொண்டார்கள்.
நான் நடுவில், இரண்டு நொடி தாமதமாக.
நெரிசலில் முந்துவதைவிட
தெளிந்த காற்றில் பிந்துவது மேல்.
இதை நான் எத்தனை முறை
அந்த முதுகுக்குச் சொல்லியிருப்பேன்.

கடைசிச் சுற்று, காற்றை எதிர்த்து.
வலத்தோளில் காற்று வாங்குபவருக்கு வழி,
இடத்தோளில் வாங்குபவர் ஒதுங்க வேண்டும்.
நான் இடத்தோளில்.
பாயின் அடிவிளிம்புக்குக் கீழே
சாம்பல் மூக்கு ஒன்று வளர்ந்து வளர்ந்து வந்தது.

"ஸ்டார்போர்டு!"

பதினோரு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் சொல்.
எல்லாரிடமும் கத்தும் அதே குரலில்தான்.

அவன் மூக்குக்கு முன்னே திரும்பியிருக்கலாம்,
என் அழுக்குக் காற்றை அவன் பாயில் துப்பியிருக்கலாம்.
ஆனால் வலப்பக்கம் சுவரோரம்
நீர் கருத்து வருவதைப் பார்த்துவிட்டேன்.
கயிற்றைத் தளர்த்தி
அவன் பின்புறத்தை ஒரு கையகலத்தில் கடந்தேன்.
தட்டில் மெழுகுப் பென்சிலால் எண்கள்:
இருநூற்று எழுபது, இருநூற்று அறுபத்தைந்து.
காற்றுத் திசைகள்.
நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தவை.
கடைசியாக எழுதியது
இருபது நிமிடம் பழசு.

வந்தது காற்று. மூக்கைப் பிடித்துத் திருகியது.
திரும்பினேன்.
இப்போது வலத்தோள் என்னுடையது,
எதிரே இடத்தோளில் மாலக்கி.
அந்தச் சொல்லைத் தொண்டை வரை எடுத்துவிட்டேன்.
அதற்குள் அவன் ஒதுங்கியிருந்தான்.

காற்றோடு ஓடும்போது என்னைத் தாண்டிப் போனான், பறந்துதான்.
கொன்லெத் ஈரத்தாளில் வகுத்துப் பார்த்ததில்
எங்களுக்கிடையே நான்கு நொடி.
யார் பக்கம் என்பது பலகையில் இருக்கிறது,
போய்ப் பாருங்கள்.
பந்தயத்தை வென்றதோ
வாடகைப் பிளாஸ்டிக் படகில் மக்ராரி வீட்டு ஓரான்,
வயது பதினாலு, வாய் நிறைய சாசேஜ்.

மரப்படகில் ஒரு குறை,
வாங்கும்போது யாரும் சொல்லவில்லை:
ஒருவர் ஓட்டலாம்,
பாசி படிந்த சரிவில் ஏற்ற
இரண்டு பேர் வேண்டும்.
முழங்கால் தண்ணீரில் நின்று
யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்ஸில் நீர் களகளக்க வந்து நின்றான்.
ஏரியைப் பார்த்தபடி கேட்டான்,
"எந்தப் பக்கம் பிடிக்க?"